மன்னர் கையும் மேயர் கையும்

உயரம் தாண்டப் பழகுவோருக்கு முதலில் வேண்டியது ஓர் இடம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து ஆல்பனி நகரில் 1923-ல் பிறந்த ஆலிஸ் கோச்மன் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு அதுவே கிட்டவில்லை. விளையாட்டு மைதானங்கள் வெள்ளையருக்கே உரியனவாயிருந்தன. ஆகவே மண் சாலையில் வெறுங்காலுடன் ஓடினார். கிடைத்த கயிற்றையும் கோலையும் குறுக்கே கட்டித் தாண்டினார். 1939 முதல் 1948 வரை ஆண்டு தவறாமல் பத்து முறை அமெரிக்கத் தேசியப் பட்டம் அவருடையதாயிற்று. 1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்களையோ யுத்தம் விழுங்கிவிட்டது.

1948-ல் லண்டனில் அவர் தாண்டிய உயரம் 1.68 மீட்டர். பிரிட்டிஷ் வீராங்கனை டோரதி டைலரும் அதே உயரத்தைத் தாண்டினார். முதல் முயற்சியிலேயே தாண்டியவர் ஆலிஸ் என்பதால் தங்கம் அவருக்கு. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. பதக்கம் வழங்கியவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். மன்னர்களிடம் நமக்கு அத்தனை பக்தி கிடையாது. ஆயினும் இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஏனெனில், ஆல்பனியில் ஊர்வலமும் வரவேற்பும் நடந்தபோது, மண்டபத்தில் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே அமர்த்தப்பட்டனர். மேடையில் உடன் வீற்றிருந்த மேயர், ஆலிஸுக்குக் கை கொடுக்கவில்லை. விழா நாயகி பக்க வாசல் வழியாக வெளியேற நேர்ந்தது.

பின்னர் பந்தயங்களை விட்டு, நம்மைப் போலவே பள்ளி ஆசிரியர் தொழிலுக்கு வந்தார். 2014-ல், 90 வயதில் காலமானார்.