கட்டுத்துவக்குக் காயம்: முதல் இரவில் தைக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

ஒலுவில் கமக்காரர்களின் நிலைப்பாட்டு அறிக்கை

பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்து, வரம்போரம் கம்பி இழுத்துக் கட்டப்படும் துவக்கு, அதில் தட்டுப்படும் மனிதரின் காலில்தான் வெடிக்கிறது. அம்பாறை மாவட்டத்து வட்டைகளிலும் சேனைகளிலும் இரவுக் காவலுக்குப் போகிறவர்கள், விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஆபத்து உண்டு. இப்படி உடைந்த காலுக்கு என்ன சிகிச்சை, அதை எப்போது செய்ய வேண்டும் என்பதில் எமது அமைப்பின் நிலைப்பாட்டை இங்கே சொல்கிறோம்.

இராணுவத் துவக்கை விடக் கட்டுத்துவக்குச் சன்னத்தின் வேகம் குறைவு. ஆனால் மிகக் கிட்டத்தில் வெடிக்கிறது. குழலுக்குள் ஈயம், ஆணி, இரும்புத்துண்டு, அவற்றை இறுக்கத் தும்பு அல்லது பழந்துணி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் திணிக்கப்பட்டிருக்கும். கரியும் வயல்சேறும் சாரத்தின் கிழிசலும் அவற்றோடு சேர்ந்து எலும்புவரை போய்விடும். வெளியே சிறு துளைதான் தெரியும். உள்ளே எலும்பு நொறுங்கி, சதை செத்துக் கிடக்கும்.

இந்த அழுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ் பிடிக்கும். காற்றுபுகாத இடத்தில் வளரும் கிருமிகள் சதையை அழுகவைத்து உயிரையே எடுக்கலாம். ஆகவே முதல் சத்திரசிகிச்சையில் காயத்தை நன்றாகத் திறந்து, லீற்றர் கணக்கில் சேலைன் விட்டுக் கழுவி, செத்த சதையை வெட்டி அகற்றி, மூடாமல் கட்டுப்போட்டு விடுவதே சரி. எலும்பைத் தோலுக்கு வெளியே பூட்டும் கம்பிச் சட்டம் பிடித்துக்கொள்ளும். இரண்டொரு நாளில் மீண்டும் பார்த்து, காயம் சுத்தமென்றால் மட்டுமே மூடுவார்கள். போர்க்களக் காயங்களில் ஏறக்குறைய ஐந்தாம் நாள் மூடும் வழக்கத்தைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றுகிறார்கள். "ஏன் இன்னும் தைக்கல்ல?" என்று வார்ட்டில் சண்டைபிடிப்பதையும், கையெழுத்து வைத்து நோயாளியைக் கூட்டிப்போவதையும் குடும்பத்தவர்கள் கைவிட வேண்டும். சன்னம் முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூட்டுக்குள் இருப்பதை எடுக்க வேண்டும்; சதைக்குள் ஆழமாகப் புதைந்ததைத் தேடிக் கிளறினால் சேதம்தான் கூடும்.

தாமதம்தான் எம்மை அதிகம் வருத்துகிறது. கட்டுத்துவக்கு சட்டவிரோதம். அதைக் கட்டியவர் சொந்தக்காரராகவும் இருக்கலாம். பொலிஸுக்குப் பயந்து, கம்பு குத்தியதென்று சொல்லி முறிவு வைத்தியரிடம் எண்ணெய்க்கட்டு போட்டால், கால் மட்டுமா போகும்? இரத்தக்குழாய் அறுந்திருந்தால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்த ஓட்டத்தைத் திருப்ப வேண்டும். 1990 அம்புலன்ஸ் சேவையை உடனே அழையுங்கள். துவக்குக் காயம் என்று வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்புவதானாலும், முதலில் பார்க்கும் வைத்தியசாலையிலேயே, முடிந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள், அன்டிபயோட்டிக் ஊசி ஏற்றப்பட வேண்டும். ஏற்பு ஊசியும் அங்கேயே போடப்பட வேண்டும். பொலிஸார் வாக்குமூலத்தைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடுக்கட்டும்.

காலை எடுப்பதா, காப்பதா என்ற முடிவை ஒரே வைத்தியர் நள்ளிரவில் தனியாக எடுக்கும் நிலை இருக்கக் கூடாது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் வைத்தியர் எஸ். ராஜசேகரன் குழுவினர் தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்கும் நோயாளியின் மற்றப் பாதிப்புகளுக்கும் புள்ளியிடும் முறையொன்றை உருவாக்கி 2006இல் வெளியிட்டார்கள். 14 வரை காலைக் காக்கலாம்; 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதே நல்லது; இடைப்பட்டவற்றை ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பெரிய இரத்தக்குழாய் அறுந்த காலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. இத்தகைய அளவுகோலை வைத்து, எலும்பு நிபுணரும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரும் கலந்து பேசி, குடும்பத்துக்குத் தமிழில் விளக்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகளைக் கேட்கிறோம். கிழக்கில் இருப்பவர்கள் இதற்காகக் கொழும்புவரை போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

பன்றியால் பயிர் அழிவது எமக்கும் தெரியும்; அந்த நட்டத்தை நாங்களே சுமக்கிறோம். இருந்தும் எமது அங்கத்தவர் எவரும் துவக்குக் கட்டுவதை ஏற்கமாட்டோம். யாருக்கு வெடித்தாலும் வாகனச் செலவையும் இரத்தம் கொடுப்போரைத் திரட்டும் பொறுப்பையும் அமைப்பு ஏற்கும். துவக்கு யாருடையது என்று அந்த நேரம் கேட்கமாட்டோம்.