கையில் வராத பணத்துக்கு வரி

பெங்களூரு அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுனில் ஆலைத் தொழிலாளி ஒருவர் 2015இல் 15 லட்சம் ரூபாய்க்குச் சிறிய வீடொன்று வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் மகனின் பட்டறைக்காக அதை வங்கியில் அடமானம் வைத்தார். பட்டறை நொடித்தது, வட்டியோடு சேர்ந்து கடன் 43 லட்சமாயிற்று. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற வேண்டியதில்லை. 60 நாள் நோட்டீசு, பிறகு கையகப்படுத்தல், ஏலம். வீடு 45 லட்சத்துக்குப் போகிறது. வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சம் 2 லட்சத்தைத் தருகிறது.

வருமான வரித்துறையின் கணக்கிலோ இவர் 30 லட்சம் ‘மூலதன ஆதாயம்’ ஈட்டியவர்! 12.5 சதவீத விகிதத்தில் வரி 3.75 லட்சம்; செஸ் தனி. வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டாம். வீடு வாங்கப் பணமிருப்பவரின் வீடு ஏன் ஏலத்துக்கு வருகிறது?

இது கற்பனைக் கணக்கு, சட்டம் கற்பனையல்ல. அத்திலி ராவ் வழக்கில் 2001இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஏலத்தொகை முழுவதும் உடைமையாளருடையதே, அடமானக் கடனுக்காகப் பிடித்துக்கொண்டதைக் கழிக்க முடியாது. கடனாக வாங்கிய பணத்தை அவர் முன்பே பயன்படுத்தியவர்தானே என்று வாதிடலாம். ஆனால் அந்த 43 லட்சத்தில் வட்டி எவ்வளவு? பட்டறையோடு அழிந்தது எவ்வளவு? அதையெல்லாம் கேட்பாரில்லை.

பெருநிறுவனத்தின் கதை வேறு. மகிந்திரா அண்டு மகிந்திரா நிறுவனத்துக்கு அமெரிக்க நிறுவனமொன்று 57 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்தது. அது வரிக்குரிய வருமானமல்ல என்று 2018இல் அதே உச்சநீதிமன்றம் கூறியது. 2023இல் ஒன்றிய அரசு சட்டத்தைத் திருத்தி, ரொக்கமாகக் கிடைக்கும் பயன்களையும் தொழில் வருமானத்தில் சேர்த்தது உண்மை. ஆனால் ஏலத்தில் வீடிழந்தவருக்காக ஒரு வரியும் திருத்தப்படவில்லை.

2014-15 முதல் பத்தாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின. இது நாடாளுமன்றத்தில் அரசே தந்த விவரம். நீக்கம் என்பது தள்ளுபடியல்ல, வசூல் தொடர்கிறது என்கிறார் நிதியமைச்சர். அந்தப் பொறுமையில் பத்திலொரு பங்கு மர்பி டவுன் வாசலுக்கு வந்ததுண்டா?

முதலாளித்துவத்தின் தலைமையகமான அமெரிக்காவில் மன்னிக்கப்பட்ட கடன் பொதுவாக வருமானம்தான். அங்கேகூட, வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்த 2007இல், சொந்தக் குடியிருப்பின் மீதான கடன் தள்ளுபடிக்கு வரிவிலக்கு அளிக்க நேர்ந்தது. இங்கே அந்த அளவுக்காவது அரசு இறங்கி வரவில்லை.

குடியிருக்கும் ஒரே வீடு ஏலம் போனால், வங்கி எடுத்துக்கொண்ட தொகையை விற்பனை விலையிலிருந்து கழித்த பிறகே ஆதாயம் கணக்கிட வேண்டும். நிதி மசோதாவில் ஒரே ஒரு திருத்தம் போதும். நாடாளுமன்றத்தில் இடதுசாரி உறுப்பினர்கள் அதைக் கோர வேண்டும். ஏல நோட்டீசு வந்த குடும்பங்களைக் கிளைகள் இப்போதே சந்தித்து, வங்கிக் கணக்கோடு வரிக் கணக்கையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.