ஸ்பானிஷுக்குத் தமிழ் வழி

லண்டன் தமிழ் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு: "பிள்ளை ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள், நாங்கள் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறது?" இங்குள்ள பள்ளிகளில் நெடுங்காலம் பிரெஞ்சுதான் முன்னின்றது. 2019இல் ஏ லெவல் தேர்வில் ஸ்பானிஷ் அதை முந்திவிட்டது. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். அந்தப் பெற்றோருக்கு நான் சொல்வது: உங்களிடம் தமிழ் இருக்கிறதே, தொடங்க அது போதும். ஆங்கிலம் வழியே போய்ப் பிள்ளை முட்டிக்கொள்ளும் சில இடங்கள், தமிழில் சொன்னால் சட்டென்று விளங்கும்.

'மே துவேலே லா கபேசா.' மே என்றால் எனக்கு, துவேலே, வலிக்கிறது, கபேசா, தலை. எனக்குத் தலை வலிக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மட்டும் யோசிக்கிற பிள்ளை இங்கே 'நான்' எங்கே என்று தேடும். 'மே குஸ்தா எல் கஃபே' என்பதும் அப்படித்தான்: எனக்குக் கோப்பி பிடிக்கும். பிடித்த பொருள் பலவானால் குஸ்தா, குஸ்தான் ஆகும் என்பதை மட்டும் புதிதாகப் படிக்கவேண்டும்.

வினைச்சொல்லும் நமக்குப் பழகிய வழியிலேயே போகிறது. கதைக்கிறேன், கதைக்கிறாய் என்னும்போது விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆப்லோ, ஆப்லாஸ் என்பதிலும் அதேதான்; நான், நீ என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாட்டுக்குத் தூ, உஸ்தேத் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஆ' என்ற சின்னச் சொல். மேசையைப் பார்க்கிறேன் என்பது 'வேயோ லா மேசா'. மரியாவைப் பார்க்கிறேன் என்றால் 'வேயோ ஆ மரியா'. செயப்படுபொருள் குறிப்பிட்ட ஓர் ஆளாக இருந்தால் முன்னே 'ஆ' வந்தாகவேண்டும். பாடப்புத்தகத்தில் இது தனி விதி. தமிழருக்கோ அது நாளாந்தப் பேச்சு: 'தண்ணீர் குடித்தேன்' என்று ஐ உருபை விட்டுவிடுவோம், 'அம்மா பார்த்தேன்' என்று எவரும் சொல்லமாட்டோம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்ற பிரிப்பில்தான். அந்தப் பிரிப்பின் சாயலை ஐபீரியாவில் பிறந்த ஒரு மொழியில் காணும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒருமுறை சொன்னால், பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபும் சேர்ந்தே விளங்கும்.

சொற்களிலும் கொஞ்சம் கையில் உண்டு. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசம் இருந்தது. அவர்கள் மொழி ஸ்பானிஷுக்கு நெருங்கிய உறவு. அதனால் மேசை, சப்பாத்து, அலுமாரி, குசினி என்று புழங்கிய வீட்டுப் பிள்ளைக்கு மேசா, சபாத்தோ, அர்மாரியோ, கொசீனா அந்நியமாகப் படாது.

கடினமானது பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணைக்கு இப்படியொரு பிரிவு தமிழில் இல்லை, ஆகவே தமிழ் இங்கே உதவாது. லா மேசா, எல் லிப்ரோ என்று முன்னே வரும் சொல்லோடு சேர்த்தே மனனம் செய்யவேண்டும், வேறு வழி கிடையாது.

பெரியவர்கள் படிக்க விரும்பினால் சிட்டி லிட்டிலும் இன்ஸ்டிடியூட்டோ செர்வான்டெஸிலும் வகுப்புகள் நடக்கின்றன. காதால் கேட்க எலிஃபன்ட் அண்ட் காசில், செவன் சிஸ்டர்ஸ் பக்கம் போகலாம். அங்கே கொலம்பியர்கள் நிறையப் பேர். ஆனால் பாடப்புத்தகம் பல பேரை அழைக்கக் கற்றுத்தரும் 'வோசோத்ரோஸ்' ஸ்பெயின் நாட்டு வழக்கு. லத்தீன் அமெரிக்கர்கள் நண்பர்களையும் 'உஸ்தேதெஸ்' என்றே அழைப்பார்கள்.