விங்கரின் பன்னிரண்டு பருவங்கள்

மாட்டுப் பொங்கலன்று என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பொருளியல் பயின்றவர். பின்னர் சிங்கப்பூரில் எட்டு ஆண்டுகள் கட்டுமான வேலை பார்த்துவிட்டு, இப்போது ஆலங்குடிப் பக்கம் உரக்கடை நடத்துகிறார். வாழைப்பழச் சீப்போடு ஒரு கோப்பையும் கொண்டுவந்திருந்தார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அவருடைய மகனுக்கு வெளிமாநிலக் கால்பந்து கிளப் ஒன்று அனுப்பிய மூன்றாண்டு ஒப்பந்தத்தின் நகல் அதில் இருந்தது. பையன் இடக்கால் ஆட்டக்காரன். மைதானத்தின் பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தைக் கொண்டுசெல்லும் ‘விங்கர்’. “கையெழுத்துப் போடலாமா சார், இல்லை டிகிரியை முடிக்கச் சொல்லவா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எழுந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலையில், இந்தியன் சூப்பர் லீகை நடத்திவந்த நிறுவனம் அடுத்த பருவத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் அந்த நிறுவனத்துக்கும் 2010இல் கையெழுத்தான 15 ஆண்டு, 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடைய இருந்தது. அதன் பிறகு என்ன என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. ஆகஸ்டில் பெங்களூரு கிளப் முதன்மை அணியின் ஊதியத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. நவம்பரில் முடிந்த ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. வீரர்களே காணொளி வெளியிட்டு ஃபிஃபாவிடம் முறையிடும் நிலை வந்தது. இறுதியாக, பிப்ரவரி 14 அன்று லீக் தொடங்கும் என்று ஒன்றிய விளையாட்டுத் துறை அமைச்சர் இந்த ஜனவரி 6 அன்று அறிவித்தார். 14 அணிகளும் ஒன்றோடொன்று ஒரே முறை மோதும். மொத்தம் 91 ஆட்டங்கள். சென்ற பருவத்தில் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள் கிடைத்தன; இம்முறை 13.

நாளேடுகள் இதை நிர்வாகச் சண்டையாகவும் நீதிமன்ற வழக்காகவும் எழுதின. தவறில்லை. நான் தொழிலாளர் சந்தையைப் பாடமாக நடத்தியவன் என்பதால், நடுத்தர நிலையில் இருக்கும் ஆட்டக்காரரின் கணக்கேட்டிலிருந்து இதைப் பார்க்கத் தோன்றுகிறது. நட்சத்திரங்களை விட்டுவிடலாம். திறமையில் இருக்கும் சிறு வேறுபாடு வருவாயில் எப்படிப் பெரும் வேறுபாடாக வீங்குகிறது என்பதை ஷெர்வின் ரோசன் 1981இலேயே எழுதிவிட்டார். கிளப் விட்டுக் கிளப் மாறி, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் வாழ்க்கையை ஓட்டுபவரே இங்கு நமக்குரியவர்.

குமரி மாவட்டத்து மீனவக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜின் பாதையைப் பாருங்கள். இடப்பக்கத்து விங்கர். சென்னை சிட்டி அணியில் கவனம் பெற்று, 2018இல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏடிகே. 2019இல் இந்திய அணிக்கும் ஆடினார். 2020 மார்ச்சில் ஏடிகே பட்டம் வென்றது. இறுதியாட்டம் நடந்தது பெருந்தொற்றால் பார்வையாளரே இல்லாத கோவா மைதானத்தில். அவ்வாண்டே ஏடிகே, மோகன் பகானோடு இணைக்கப்பட்டது. 2020 நவம்பர் 20 அன்று புதிய பருவத்தின் முதல் ஆட்டம்; எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். அந்த ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். பருவம் முழுதும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 26. 2022இல் ஒடிசா அணிக்கு மாறினார்.

விங்கரின் மூலதனம் வேகம். முழங்கால் தசைநார் கிழிந்து தைக்கப்பட்டவர் மீண்டும் ஓட முடியும். பழைய அரை நொடி திரும்புமா என்பதுதான் கேள்வி. நடுக்கள ஆட்டக்காரர் கால் தளர்ந்தாலும் கண்ணை வைத்துச் சில ஆண்டுகள் பிழைப்பார். விங்கருக்கு அந்த வசதி குறைவு.

சென்னை சிட்டி வழியே வந்த இன்னொரு விங்கர் நந்தகுமார் சேகர். 2017இல் டெல்லி டைனமோஸ் அணியில் சேர்ந்தார். 2019இல் அந்தக் கிளப்பே டெல்லியிலிருந்து புவனேஸ்வருக்குப் பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனது. பின்னர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போன அவர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோல், தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த தன் அணியின் அவமானத்தைத் துடைத்தது. கொல்கத்தாவில் அந்த ஒரு கோலுக்காகவே ஒருவரைப் பல்லாண்டு நினைவில் வைத்திருப்பார்கள்.

இவர்களுக்கு மேடை அமைத்துக் கொடுத்த சென்னை சிட்டி என்னவாயிற்று? 2018-19இல் ஐ-லீக் பட்டத்தைக் கோவையில் வென்றது. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று அப்படி வென்றது சாதாரணமானதல்ல. சில ஆண்டுகளுக்குள் அது தேசிய லீகிலேயே இல்லை. ஹைதராபாத் 2022இல் ஐஎஸ்எல் பட்டம் வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஊதிய நிலுவையில் சிக்கி, 2025இல் வேறு பெயரில் டெல்லிக்குப் போய்விட்டது. மகிந்திரா யுனைடெட் 2010இலும், பஞ்சாபின் ஜேசிடி 2011இலும் மூடப்பட்டன. ஈஸ்ட் பெங்கால் 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர், நமக்குப் பக்கத்துத் தஞ்சாவூரின் கலியா குலோத்துங்கன். பின்னாளில் அவர் ஆடிய மும்பை எஃப்சி, விவா கேரளா ஆகிய கிளப்புகள் இரண்டும் இன்று இல்லை. 2018இல் தஞ்சையில் நடந்த சாலை விபத்தில் அவரும் போய்விட்டார். பட்டியலை நீட்ட விரும்பவில்லை. இந்தியக் கால்பந்தில் கிளப்பின் ஆயுள் பல நேரங்களில் ஆட்டக்காரரின் தொழில் ஆயுளைவிடக் குறைவு.

பழைய தலைமுறைக்கு வேறோர் ஏற்பாடு இருந்தது. இந்தியன் வங்கி, ரயில் பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே ஆகியவற்றின் அணிகளில் ஆடியவர்கள் அடிப்படையில் அந்நிறுவனங்களின் ஊழியர்கள். காலையில் பயிற்சி, பிற்பகலில் எழுத்தர் மேசை. முழங்கால் போனாலும் மேசை போகாது. சம்பளம் சிறிது; ஆனால் ஓய்வூதியம் வரை நீளும் காப்பீடு அதற்குள் ஒளிந்திருந்தது. 2014இல் ஐஎஸ்எல் வந்தபின் ஊதியம் பல மடங்கு உயர்ந்தது. மறுக்க முடியாத நன்மை அது. அந்த உயர்வுக்குள் காப்பீட்டின் விலையும் அடங்கியிருக்கிறது என்பதை யாரும் பையன்களுக்குச் சொல்லவில்லை. விளையாட்டு நின்றபின் என்ன ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டைக்காரர்கள் தொலைவில் சென்று உதாரணம் தேட வேண்டாம். கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் வென்ற வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டபின், செங்கல் சூளையில் வேலை செய்தார். அரசின் பயிற்சியாளர் பணி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரு சிறு கணக்கு. இருபது வயதில் தொடங்கி முப்பத்திரண்டு வரை ஆடினால் பன்னிரண்டு பருவங்கள். காயமின்றி, நல்லபடியாகப் போனால்தான் அத்தனையும். என்னைப் போன்ற அரசு ஊதியக்காரர் முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் ஓராண்டை இழந்தால் போவது மூன்று விழுக்காடு. விங்கர் ஒரு பருவத்தை இழந்தால் போவது எட்டு விழுக்காட்டுக்கும் மேல். அதுவும் 24, 25 வயதில் என்றால் உச்சத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் எட்டு விழுக்காடு. இடையில் சூப்பர் கோப்பை நடந்தது உண்மைதான். ஆனால் ஒரு கோப்பைத் தொடர் ஒரு பருவத்துக்கு ஈடாகாது.

நிச்சயமின்மையைச் சுமப்பவருக்கே இலாபம் உரியது. தொழிலாளி அந்தச் சுமையை முதலாளியிடம் விட்டுவிட்டு நிலையான கூலியைப் பெறுகிறார் என்பது ஃபிராங்க் நைட் 1921இல் தந்த விளக்கம். 2025இல் நம் கால்பந்தில் நடந்தது இதன் தலைகீழ். ஒளிபரப்பு உரிமையைப் பற்றிய நிச்சயமின்மை, அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலிகூட இல்லாத ஆட்டக்காரரின் மாதச் சம்பளத்தில் போய் இறங்கியது. இரண்டு மாத ஊதியம் வராவிட்டால் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் சந்தையே பூட்டிக் கிடக்கும்போது வெளியேறும் உரிமையை வைத்து என்ன செய்வது?

இவ்வளவையும் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் குறுக்கிட்டார். “சிங்கப்பூர்ல எங்க தலைக்கு ஐயாயிரம் டாலர் கம்பெனி கட்டணும் சார். சம்பளம் தரலைன்னா, ஊருக்கு அனுப்பலைன்னா அந்தப் பணம் போயிரும். இதுல அப்படி ஒரு வரியும் இல்லையே?”

பாடம் நடத்தியவனுக்குப் பாடம் கிடைத்த தருணம். சிங்கப்பூரில் மலேசியர் அல்லாத ஒவ்வொரு பணி அனுமதித் தொழிலாளருக்கும் 5,000 வெள்ளி பிணையை முதலாளி அரசுக்குத் தர வேண்டும். மருத்துவக் காப்பீடும் முதலாளி பொறுப்பு. அந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் உண்டு. நம் மாவட்டத்திலிருந்து போனவர்களின் கதைகள் எனக்குத் தெரியாதவையல்ல. இருப்பினும், கம்பி கட்டப் போகிறவருக்கு இருக்கும் அந்தப் பிணை, இந்தியாவின் முதல்நிலைக் கால்பந்து லீகில் ஆடுபவருக்கு இல்லை. கிளப் உரிமம் வழங்கும்போது பழைய நிலுவை உண்டா என்று பார்க்கிறார்கள். வரப்போகும் ஊதியத்துக்கு ஈடு கேட்பதில்லை. இத்தாலியின் மூன்றாம் நிலை லீகில்கூட, பருவத்தில் சேர வேண்டுமென்றால் கிளப் வங்கி உத்தரவாதம் தர வேண்டும். அமெரிக்காவின் எம்எல்எஸ் வேறு வழியில் போனது. அங்கு ஆட்டக்காரர் ஒப்பந்தம் செய்வது கிளப்போடு அல்ல, லீகோடு. அதற்குமுன் இருந்த லீக் 1984 பருவத்தோடு சரிந்து ஆட்டக்காரர்கள் தெருவுக்கு வந்ததைக் கண்டவர்கள் அவர்கள். 2003இல் வீரர்கள் சங்கம் அமைத்துக் குறைந்தபட்ச ஊதியத்தைப் பேரம்பேசிப் பெற்றார்கள். நம்மிடமும் 2006 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. பேரம்பேசும் அதிகாரம்தான் அதனிடம் இல்லை.

எனவே, புதிய வணிகப் பங்காளியைத் தேடும் கூட்டமைப்பு, உரிமத்தோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது ஆறு மாத ஊதியத்துக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். நட்டத்தில் ஓடும் கிளப்புகள் இதனால் ஓடிவிடும் என்பார்கள். சில ஓடும். ஆறு மாத ஊதியத்துக்கு உத்தரவாதம் தர இயலாத கிளப் பருவத்தின் நடுவே ஓடுவதைவிட, தொடக்கத்திலேயே விலகிக்கொள்வது ஆட்டக்காரருக்குக் குறைந்த செலவு. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு வைத்திருக்கிறது. பதக்கங்களை அளவுகோலாகக் கொண்ட அந்த ஏற்பாட்டில், பத்து ஆண்டுகள் லீகில் ஓடித் தேய்ந்த விங்கருக்கும் இடம் உண்டா என்பதையும் சென்னையில் யாரேனும் யோசிக்கலாம்.

மாணவருக்கு நான் சொன்னது இதுதான். போகட்டும், வயது பதினெட்டு, அந்த வேகம் நாற்பதில் வராது. பட்டப்படிப்பைத் தொலைநிலைக் கல்விக்கு மாற்றிக்கொள்ளட்டும். கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்: காயம்பட்டால் ஊதியம் எத்தனை மாதம் தொடரும்? அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது? லீக் நடக்காவிட்டால், கிளப் கைமாறினால், இந்தத் தாளின் மதிப்பு என்ன?

கேள்விகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பினோம். பத்து நாள் ஆகிறது. முதல் இரண்டுக்கும் பதில் வந்திருக்கிறது.