மிச்சம் பிடித்த மசகு எண்ணெய்

ஆகாய விமானம் விழுந்து ஜனங்கள் மடியும்போதெல்லாம், "மராமத்துத் தொழிலாளியின் கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள். இது முழு உண்மையா?

2000-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 88 பேரும் மாண்டனர். வால் இறக்கையை அசைக்கும் திருகுத் தண்டுக்குப் போதிய மசகு இல்லை. நட்டின் மரை தேய்ந்து அறுந்தது. விமானம் தலைகுப்புறப் பாய்ந்தது.

வண்டி மை போடாவிட்டால் அச்சு தேயும் என்று நம் வண்டிக்காரனுக்குத் தெரியும். ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விடாவிட்டால் என்ன ஆகும் என்று ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். கம்பெனி நிர்வாகத்துக்குத் தெரியாதா?

1987-ல் அங்கே 500 மணி நேரம் பறந்ததும் மசகு போட்டார்கள். 1996-ல் எட்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்றார்கள். அதாவது சுமார் 2,550 மணி நேரத்துக்கு ஒரு தடவை! விமானத்தை நிறுத்தினால் வருமானம் நிற்குமே! அமெரிக்க சர்க்காரின் விமானத்துறையும் இதை ஒப்புக்கொண்டது.

1997 செப்டம்பரில் ஓக்லந்து பட்டறையில் ஒரு தொழிலாளி தேய்மானத்தை அளந்தார். எல்லையைத் தொட்டுவிட்டது, நட்டை மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்தார். பின்னால் வந்த ஷிப்டில் மறுபடி அளந்து, சரியாக இருக்கிறதென்று விமானத்தை அனுப்பிவிட்டனர். அடுத்த அளவெடுப்பு 30 மாதம் கழித்துத்தான். அதற்குள் விமானமே இல்லை.

கடைசித் தடவை மசகு சரியாகப் போடப்படாமல் இருந்திருக்கலாம். மனிதன் தவறக்கூடியவன்தான். ஆனால் பழைய கெடுவே இருந்திருந்தால், ஒருவர் விட்டதை அடுத்தவர் சரிசெய்திருப்பார். கெடுவை நீட்டியவர்கள்தான் அந்த இரண்டாவது கையைத் தட்டிப் பறித்தவர்கள். கெடுவை நீட்டியதும், சர்க்கார் அதை ஒப்புக்கொண்டதும் விபத்துக்குத் துணைக் காரணங்கள் என்று 2002-ல் விசாரணை வாரியமே சொல்லிற்று.

1979 மே 25-ல் சிக்காகோவில் நடந்ததும் இதுவே. எஞ்சினைக் கழற்றிய பிறகே அதன் தாங்கியைக் கழற்ற வேண்டும் என்பது விமானத்தைத் தயாரித்தவர்கள் சொன்ன முறை. சுமார் 200 ஆள்மணி மிச்சமாகும் என்று, இரண்டையும் சேர்த்தே போர்க்லிப்ட் வண்டியால் கழற்ற வைத்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிர்வாகம். தாங்கி விரிசல் கண்டது. விமானம் கிளம்பும்போதே எஞ்சின் பிய்ந்து விழுந்தது. 273 பேர் பலியானார்கள்.

தோழர்களே! ஆகாயத்திலானாலும் ஆலையிலானாலும் நியாயம் ஒன்றே. பராமரிப்புக் கெடுவை லாபக் கணக்கு நிர்ணயிக்கக் கூடாது. "நிறுத்து" என்று தொழிலாளி சொன்னால் இயந்திரம் நிற்க வேண்டும். அப்படிச் சொன்னவனின் வேலைக்குச் சங்கம் அரணாக நிற்க வேண்டும்.