கையும் கருத்தும்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் வீரபாண்டி. பொழுது புலர்ந்ததும் அப்பகுதித் தெருக்களில் தையற்பொறிகளின் ஒலி எழத் தொடங்கும். நூல் துணியாகப் பின்னப்பெற்று, சாயம் ஏறி, அளவறிந்து வெட்டப்பெற்று, தைக்கப்பெற்று, பிசிறு நீங்கி, மடிப்புக் கலையாமல் பெட்டியில் அடங்கும் வரையில் ஒரு பனியன் எத்தனையோ கைகளைக் கடந்து வருகின்றது. இத்தகைய ஊரில் வளரும் பிள்ளைகள் தொழிலைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே காண்கின்றனர்.

அப்பிள்ளைகளுள் கண்பார்வை குன்றியோர் உளர். செவிப்புலன் இழந்தோர் உளர். பிறரினும் மெதுவாகக் கற்போரும் உளர். இவர்களுக்கு எத்தொழிலைக் கற்பிப்பது என்னும் வினா எழுந்தால், பலரும் தயங்காமல் கூறும் விடை ஒன்றுண்டு. “பிசிறு வெட்டக் கற்றுக் கொடுத்தால் போதும், பிழைத்துக் கொள்வார்கள்” என்பதே அது. இரக்கத்தினின்று பிறந்த விடைதான். ஆயினும் அதனை ஏற்றல் இயலாது. பிசிறு வெட்டுதல் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில். அதனை இழிவென்று கூறுவார் இலர். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதில் அமைதி காணும் பிள்ளைகளும் உண்டு. ஆனால், ஒரு மாணவர் எதனைச் செய்ய வல்லார் என்று ஆராயுமுன்னரே, அவருக்கு இது போதும் என்று பிறர் வரையறுத்து விடுகின்றனரே, அது முறையாகுமா?

எண்ணத் தெரியாத மாணவி ஒருத்தியை நினைத்துப் பார்ப்போம். பன்னிரண்டு பனியன்களை ஒரு கட்டாகக் கட்டும் பணியை அவளிடம் ஒப்படைத்தால், ஒன்பதிலும் கட்டுவாள், பதினான்கிலும் கட்டுவாள். இவளுக்கு இப்பணி வராது என்று ஒதுக்கி விடுவது எளிது. மாறாக, பன்னிரண்டு துளைகள் இட்ட சிறு பலகை ஒன்றையும் பன்னிரண்டு குச்சிகளையும் அவளிடம் கொடுத்து, ஒரு பனியனை வைக்குந்தோறும் ஒரு குச்சியைச் செருகச் செய்தால் என்ன ஆகும்? பலகை நிறைந்தவுடன் கட்டும் நிறைந்து விடும். அவள் எண்ணவே இல்லை. ஆயினும் கணக்குப் பிழைக்கவில்லை.

இவ்வாறே பிற குறைகளுக்கும் வழி உண்டு. அளவுகோலின் விளிம்பில் வெட்டுக்குறிகள் இட்டால், பார்வையற்றவர் விரலால் தடவி அளவு அறிவார். தையற்பொறித் தகட்டில் ஊசிக்கு அருகே காந்தத்துண்டு ஒன்றைப் பொருத்தினால், துணி அதனை ஒட்டியே செல்லும், தையல் கோணாது. நூல் சிக்குவதைப் பிறர் ஒலியால் அறிகின்றனர். செவிப்புலன் இழந்தவர் பொறியின் அதிர்வை விரல்நுனியால் உணர்ந்து அறியப் பழகலாம். ஊசியருகே விரற்காப்பு இருத்தல் எல்லார்க்கும் இன்றியமையாதது. இடர் உண்டு என்று அஞ்சிச் சிலரை மட்டும் பொறியின் அருகே விடாமல் விலக்குவது, நீந்தக் கற்பிக்காமல் குளத்திற்கு வேலியிடுவது போன்றதாகும்.

கருவியைத் திருத்தித் தருவதோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடுமோ? முடியாது. திருத்துகின்ற சிந்தனையையும் மாணவர்க்கே கற்பித்தல் வேண்டும். இதற்குச் சான்றாக விளங்குபவர் பிரெஞ்சு நாட்டு லூயி பிரெயில். 1809ஆம் ஆண்டில், குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர் அவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில் கூரிய கருவி ஒன்று கண்ணில் பட்டது. புண் மறு கண்ணுக்கும் பரவிப் பார்வை முற்றும் அழிந்தது. 1819இல் அவர் பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில், பார்வையுடையோர் படிக்கும் எழுத்துகளே புடைப்பாக அச்சிடப்பட்டிருந்தன. கண்ணுக்கென அமைந்த எழுத்தை விரலால் படிப்பது பெருந்துன்பமாய் இருந்தது. பார்பியே என்பார் வகுத்த பன்னிரு புள்ளி முறையும் ஒரு விரல்நுனியில் அடங்கவில்லை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824இல் அம்முறை உருப்பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து. அறிஞர் பலர் காணாத குறையை அச்சிறுவர் கண்டதற்குக் காரணம், அவரே அவ்வெழுத்தைத் தடவிப் படித்தவர் என்பதேயாம்.

பனியன் வடிவமைப்புக்கும் இது பொருந்தும். பிடரியில் தைத்த சிறு முத்திரைத்துணி உறுத்துவதைத் தாங்க இயலாமல் ஆடையையே கழற்றி எறியும் பிள்ளைகள் உளர். முத்திரையைத் துணியிலேயே அச்சிட்டால் அவ்வுறுத்தல் இராது. சக்கர நாற்காலியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்குக் காற்சட்டையின் பின்பையும் தடித்த தையலும் எத்துணைத் துன்பம் தரும் என்பதை அமர்ந்திருப்பவரே நன்கு கூறுவார். ஒரு கையால் மட்டும் அணியத்தக்க சட்டைக்குத் திறப்பு எங்கே அமைய வேண்டும் என்பதை, அவ்வாறு அணிபவரைக் கேளாமல் வரைந்து விட முடியுமா? வடிவமைப்பு வகுப்பில் இத்தகைய மாணவர் அமர்ந்திருந்தால், உடன் பயிலும் மாணவரும் அவரிடமிருந்து கற்றுக்கொள்வர்.

கைத்தொழில் வழிக் கல்வி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கை வழியே அறிவு வளரும் என்று காட்டிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆயினும், சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கலாம். பள்ளியினுள் உள்ள மேசையின் உயரத்தை அதுவே வந்து குறைக்குமா?

இதற்கெல்லாம் பொருள் மிகுதியாக வேண்டும் என்பர் சிலர். வீரபாண்டி போன்ற ஊரில் வெட்டி எஞ்சிய துண்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. பழைய தையற்பொறிகளையும் தேடிப் பெறலாம். பெறற்கரியது காலமே. ஒரு வகுப்பு முழுவதையும் நோக்க வேண்டிய ஆசிரியர், ஒரே மாணவருக்கென ஓர் அளவுகோலைத் திருத்தி அமைக்கப் பொழுதுக்கு எங்கே போவார்? ஆதலின், பனியன் நிறுவனங்களில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரும் ஊர்த்தச்சரும் திங்களுக்கு ஒருமுறையேனும் பள்ளிக்கு வந்து, மாணவருடன் அமர்ந்து, எக்கருவி எக்கைக்கு இடையூறாக உள்ளது என்று கேட்டறிதல் வேண்டும். பன்னிரண்டு துளைகள் இட்ட பலகையைச் செய்து முடிக்கத் தச்சருக்கு அரை நாளும் ஆகாது.