அறிவு உண்டு, பயிற்சி எங்கே?

நோயை வெல்லக் கண்ட மருந்தை நோயே வென்றுவிடுமாயின், அதனினும் பெரிய கேடு ஒரு சமுதாயத்திற்கு வேறில்லை. அக்கேடு இன்று உலகெங்கும் பரவி வருகின்றது. அன்ரிபயோட்டிக் என்று நாம் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குப் பல கிருமிகள் அடங்க மறுக்கின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய எதிர்ப்பினால் நேரடியாக மாண்டோர் தொகை ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது.

இது முன்னறிவிப்பின்றி வந்த கேடன்று. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, இம்மருந்தைப் போதிய அளவிற் கொள்ளாதவன் கிருமிகளை அழிப்பதற்கு மாறாக அவற்றிற்கு வலுவூட்டிவிடுவான் என எச்சரித்தார். உலகம் அவரைப் போற்றியது. அவர் எச்சரிக்கையைப் போற்றவில்லை.

கிருமி வலுப்பெறும் வகையை நம் கமக்காரருக்கு விளக்க நெடிய விரிவுரை வேண்டியதில்லை. ஒரே பூச்சிமருந்தைப் போகத்துக்குப் போகம் தெளித்த வயலிலே, கபிலத் தத்தி அதற்கு அஞ்சாது பெருகுவதை அவர்கள் அறிவர். மடிபவை மடிய, தாங்கி நிற்பவை எஞ்சிப் பெருகுகின்றன. மனித உடலிலும் நடப்பது இதுவே. மேலும், கிருமிகள் தம் எதிர்ப்பாற்றலை வேறினக் கிருமிகளுக்கும் கைமாற்ற வல்லன. ஆகவே ஒருவர் வீணே விழுங்கிய மருந்தின் தீங்கு அவரோடு முடிவதில்லை. அயல்வீட்டுக் குழந்தையையும் அது சென்றடையும்.

இம்மருந்துகளைக் காக்கும் பொறுப்பு, நாளை மருந்துத் துண்டு எழுதப்போகும் மருத்துவ மாணவரைப் பெரிதும் சார்ந்தது. அவர்கள் அறியாதவர்களல்லர். மருந்தெதிர்ப்பு யாது என வினவினாற் செவ்வனே விடையிறுப்பர். எனினும், பரீட்சை மண்டபத்தில் ஒளிரும் அறிவு நோயாளர் விடுதியில் மங்குவதேன்? மருந்தியலும் நுண்ணுயிரியலும் பெரும்பாலும் அவற்றிற்குரிய பரீட்சையோடு மூடிவைக்கப்படுகின்றன. உள்ளகப் பயிற்சியின்போது நள்ளிரவிற் காய்ச்சலோடு வரும் நோயாளியின்முன் நிற்கும் இளம் வைத்தியர், நூலிற் கற்றதைக் காட்டிலும் மூத்தவர் எழுதக் கண்டதையே எழுதத் துணிகிறார். தடிமனுக்குக் காரணம் வைரசு என்பதும், அதனை அன்ரிபயோட்டிக் தீண்டாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும், “பலமான மருந்தாகத் தாருங்கள்” என வற்புறுத்துபவரிடம் “இதற்கு அது வேண்டியதில்லை” என்று கூறி, மனநிறைவோடு வழியனுப்பும் ஆற்றலை அவருக்கு எவர் பயிற்றினர்?

ஆதலின் மருத்துவ பீடங்களிடம் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, அன்ரிபயோட்டிக் எழுதும் முறை இறுதியாண்டிலே நோயாளியின் கட்டிலருகிற் பயிற்றப்பட்டு, இறுதிப் பரீட்சையிலும் சோதிக்கப்படல் வேண்டும். எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி எடுக்கப்பட்டதா என்னும் நான்கு வினாக்களுக்கு விடையளிக்காத எவரும் தேறலாகாது. இரண்டாவது, முதலிற் கையாளத்தக்கவை, விழிப்போடு கையாளத்தக்கவை, இறுதி நிலைக்கென ஒதுக்கத்தக்கவை என உலக சுகாதார நிறுவனம் 2017இல் வகுத்த பாகுபாடு ஒவ்வொரு மாணவருக்கும் மனப்பாடமாதல் வேண்டும். மூன்றாவது, நோயாளியின் மொழியில் விளக்கும் பயிற்சி. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஆங்கிலத்திற் கற்கும் இன்றைய மாணவர், தாம் கற்றதைத் தமிழிலோ சிங்களத்திலோ நோயாளிக்கு எடுத்துரைக்க இயலாராயின், அக்கல்வி நோயாளியின் வாசலில் நின்றுவிடும்.

அரசினரின் கடமையும் சிறிதன்று. மருந்தெதிர்ப்பைத் தடுக்க 2017–2022 காலத்திற்கும், பின்னர் 2023–2028 காலத்திற்கும் தேசிய திட்டங்கள் வகுக்கப்பட்டன. திட்டம் தாளில் இருந்து என்ன பயன்? கிருமி வளர்ப்புச் சோதனை தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் தாமதமின்றிக் கிடைத்தாலன்றி, நன்கு பயின்ற வைத்தியரும் இருளில் அம்பெய்பவராகவே இருப்பார். மருந்துத் துண்டின்றி அன்ரிபயோட்டிக் விற்பதைத் தடுக்கும் விதி, மருந்துக்கடையின் மேசையிலும் செல்லுபடியாதல் வேண்டும். தேவையறிந்து மருந்து கொடுக்கும் கொள்கைக்காக உழைத்த பேராசிரியர் சேனக பிபிலேயின் நாட்டுக்கு இது இயலாத காரியமன்று.

நம் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியர் “வேண்டியதில்லை” என்றால் அதனைக் குறையாகக் கொள்ளாதீர்கள். மிஞ்சிய குளிசையைப் பிறர்க்குக் கொடாதீர்கள். கோழிக்கும் கறவை மாட்டிற்கும் மிருக வைத்தியரின் சொற்படியன்றி இம்மருந்துகளைக் கொடாதீர்கள். மருந்திட்ட மாட்டின் பாலை, அவர் குறித்த நாள் கழியுமுன் விற்காதீர்கள்.

புதிய அன்ரிபயோட்டிக் ஒன்று உருவாக நெடுங்காலமும் பெரும்பொருளும் வேண்டும். கையிலிருப்பதை இழந்தபின் வருந்திப் பயனில்லை. இளம் வைத்தியர்களை உருவாக்கும் பொறுப்பினர் இனியேனும் விழித்தெழுவார்களாக!